டெல்டாவில் ஒரு ஹாட் ஹேட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் டர்போ இன்ஜின் (காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக் கூடுதல் சக்தி எடுப்பது) வைத்த சின்னக் காரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாதி டீக்கடையில் வரும், மீதி ராத்திரி பத்து மணிக்குப் போனில் வரும். அவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஹாட் ஹேட்ச் என்றால் எந்தக் கார்?

பார்க்க வீட்டு உபயோகத்துக்கான சின்னக் கார், மிதித்தால் வேறு கார். 1970-களில் கோல்ஃப் ஜிடிஐ ஐரோப்பாவில் பிரபலமாக்கிய வகை. நம் ஊரில் அந்தச் சுத்தமான அர்த்தத்தில் வந்தவை குறைவு. 2001-ல் ஃபியட் பாலியோ 1.6 (லிட்டர் இன்ஜின்) வந்தது, 100 குதிரைசக்தி. 2013-ல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டிஎஸ்ஐ என்பது அவர்களின் டர்போ பெட்ரோல் இன்ஜின்), 105. 2015-ல் ஃபியட்டின் அபார்த் புன்டோ, 1.4 டர்போ, 145 குதிரைசக்தி, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 2017-ல் பலேனோ ஆர்எஸ். 2020-ல் போலோவுக்கு 1.0 டிஎஸ்ஐ, 110. 2021-ல் ஐ20 என் லைன், 2024-ல் அல்ட்ராஸ் ரேசர், இரண்டும் 120. இவற்றில் சிலவற்றை "வார்ம் ஹேட்ச்" (அவ்வளவு சூடில்லை) என்று சொல்லிச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஒரத்தநாடு ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

தம்பி, இந்தக் காசுக்குப் பெரிய காரே வாங்கியிருக்கலாமே?

வாங்கியிருக்கலாம் மாமா.

டெல்டா ரோட்டில் இதை ஓட்ட இடமிருக்கிறதா?

நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. திருச்சி–தஞ்சாவூர் நாலு வழிச் சாலை நேராக, நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் கார்களின் ருசி அங்கே இல்லை. ஆற்றங்கரை ரோடுகளில்தான் இருக்கிறது. வாய்க்கால் மதகுக்கு மதகு வளைந்து போகும் ரோட்டில், ஐம்பது அறுபது வேகத்திலேயே ஒரு சின்னக் கார் எவ்வளவு சொன்னபடி கேட்கும் என்பது தெரியும். அந்த ரோட்டில் ஆடு வரும், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், பம்ப் செட்டில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ரோட்டைக் கடப்பவரும் வருவார். முழு வேகத்தில் ஓட்டியே தீர வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தளம் இருக்கிறது, கோயம்புத்தூர்ப் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கல்லணை ரோடு அதற்கில்லை.

செகண்ட் ஹேண்டில் எதை வாங்கலாம்?

இங்கேதான் என் கருத்து கொஞ்சம் கறாரானது. டெல்டாவில் வண்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குதிரைசக்தியை இல்லை. அதே இன்ஜின் இன்றைக்கு வேறு எந்தக் காரில் விற்பனையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உதிரிபாகம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

போலோ 2022-ல் நின்றுவிட்டது. ஆனால் அதன் 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் என்று நாலு கார்களில் தொடர்ந்தது. பலேனோ ஆர்எஸ் நின்று வருஷங்கள் ஆகின்றன. ஆனால் அதன் 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜின் குடும்பம் 2023-ல் ஃபிரான்க்ஸில் திரும்பி வந்தது. ஐ20 டர்போ இன்ஜின் வென்யூவிலும் ஓடுகிறது. இவற்றுக்கு இன்ஜின் பாகம் தேடி அலைய வேண்டாம். பம்பர், ஹெட்லைட் மாதிரி உடம்புப் பாகங்களுக்குத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்.

அபார்த் புன்டோ வேறு கதை. ஓட்ட இத்தனை சுகமான கார் அந்த விலையில் வந்ததே இல்லை. ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதே டி-ஜெட் டர்போ இன்ஜின் வைத்த ஃபியட் லினியா ஒன்றிரண்டு பாகம் கொடுக்கும். மற்றதற்குக் கோயம்புத்தூர், புனே, பெங்களூர் என்று ஃபியட் பிரியர்களின் தயவு வேண்டும். அவர்கள் நல்ல மனிதர்கள், அது பெரிய ஆறுதல். ஆனால் பாகம் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். அதைத் தாங்குகிற மனசும், வீட்டில் இன்னொரு வண்டியும் இருந்தால் வாங்குங்கள்.

எனக்குப் பிடித்த பதில்: 1.0 டிஎஸ்ஐ போலோ மேனுவல், அல்லது 2023-க்குப் பிறகு வந்த ஆறு கியர் மேனுவல் ஐ20 என் லைன்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

சென்னைப் பதிவு எண் வண்டி என்றால் முதலில் வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் மூழ்கிய கார்கள் கழுவி மெழுகி நம் பக்கம் வந்து சேர்ந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி அடியில் சேற்றுக் கறை இருந்தால் திரும்பி வந்துவிடலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் கை வையுங்கள், ஸ்டெப்னி குழியில் துரு பாருங்கள், ஏசி போட்டு மூக்கைக் கொடுங்கள்.

அப்புறம் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். போவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தால், "சாயந்திரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆறியிருக்கும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும். சர்வீஸ் வரலாற்றைக் கம்பெனி ஷோரூமில் சரிபாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் எத்தனை என்று கேளுங்கள். ஸ்கேனர் (காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்கும்போது எல்லாக் குறியீடும் அப்போதுதான் அழிக்கப்பட்டிருந்தால், யாரோ வீட்டைக் கூட்டிவிட்டுத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் என்றால் எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு மோசமா?

டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வேகனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்தது டிகியூ200 என்னும் ஏழு கியர் பெட்டி. உள்ளே இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 ஒன்றில். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றில். ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியரை மற்றொன்று தயாராக வைத்திருக்கும். அதனால்தான் அந்த வேகம். ஆனால் இரண்டுமே உலர் கிளட்ச். எண்ணெயில் நனைந்து குளிர வழியில்லை. வண்டி ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடேறும்.

இரண்டாவது பிரச்சினை மெகாட்ரானிக்ஸ். கியரை மாற்றும் ஹைட்ராலிக் பகுதியும் அதை ஆளும் மின்னணு மூளையும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அதில் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் விரிசல் விடுவது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். மீட்டரில் கியர் எழுத்துகள் மின்னும், ரிவர்ஸ் விழாது, அல்லது ஒற்றைப்படை கியர்களில் மட்டும் ஓடும். ஸ்கேனரில் பி17பிஎஃப் என்று வந்தால் பெரும்பாலும் சந்தேகம் அங்கேதான்.

2013-ல் ஃபோக்ஸ்வேகன் உலகளவில் சுமார் 16 லட்சம் வண்டிகளை அழைத்து, இந்தப் பெட்டியின் செயற்கை எண்ணெயை மினரல் எண்ணெயாக மாற்றியது. காரணம்: வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில் மின் கோளாறு வந்தது. வெப்பம், ஈரம், நின்று நின்று ஓட்டம். கும்பகோணத்தையே எழுதியது போல இருக்கிறது, இல்லையா? பழைய வண்டி வாங்கினால் அந்த எண்ணெய் மாற்றம் நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

புதிதாக மொத்த யூனிட்டையே மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். அக்யுமுலேட்டர் உள்ள பகுதியை மட்டும் சரிசெய்யும் கைகாரர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். செலவு பல மடங்கு குறையும். "மாத்தியே ஆகணும்" என்று ஒரு இடத்தில் சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

அப்படியானால் டிஎஸ்ஜியை நம் ஊர்த் தெருவில் எப்படி ஓட்டுவது?

முகூர்த்த நாளில் கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குள் கொண்டு போகாமல் இருப்பது முதல் வழி. போய்த்தான் ஆக வேண்டுமென்றால், முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டே ஊராதீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் அளவுக்கு நகர்ந்து, பிறகு முழுதாக நில்லுங்கள். பின்னால் நிற்கும் மினி பஸ் ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்துவது கிளட்ச்சைக் கொல்லும் வேலை, பிரேக்கை மிதியுங்கள். நீடாமங்கலம் மாதிரி ரயில்வே கேட்டில் மாட்டினால் 'பி'யில் போட்டு இன்ஜினை அணைத்துவிடுங்கள். சரக்கு ரயில் இன்ஜின் மாறும்வரை நேரம் இருக்கிறது.

மேனுவல் வண்டிக்காரர்கள் இந்தக் கேள்வியை அப்படியே தாண்டிப் போகலாம்.

பக்கத்தில் மெக்கானிக் கிடைப்பார்களா?

எண்ணெய், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் உள்ளூரிலேயே நன்றாகச் செய்வார்கள். டிராக்டர் டர்போவைப் பிரித்துப் போட்ட கைகள் தஞ்சாவூர்ப் பக்கம் நிறைய உண்டு. சிக்கல் வருவது மின்னணுவியலில்தான். அதற்குத் திருச்சி; அங்கேயும் முடியாவிட்டால் சென்னை, கோயம்புத்தூர். வேதாரண்யத்தில் இருப்பவருக்குத் திருச்சியே போகவர ஒரு முழு நாள். டெல்டாவில் இந்தக் கார் வைத்திருப்பதன் நிஜமான சிரமம் இந்தத் தூரம்தான். அதே கோளாறு சென்னைக்காரருக்கு ஒரு சாயங்கால வேலை. நமக்கு டோயிங் வண்டி, லீவு, தங்கும் செலவு என்று நீளும்.

அதனால் கெடும்வரை காத்திருக்காமல் முன்பே ஒருவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள். ஒரு சாதாரண ஆயில் சர்வீஸையாவது அவரிடம் செய்துகொண்டால், பிறகு போனில் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடுவார். ரோடு அசிஸ்டன்ஸ் எடுக்கும்போது கட்டணமில்லாத தூரம் எவ்வளவு என்று பாருங்கள்; நம்மிடமிருந்து திருச்சி வரையாவது எட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் பிளாட்பெட்டில் மட்டும் அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்க உறவினர்கள் ஆர்வமாக முன்வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஸ்கேனர் வாங்க வேண்டுமா?

கண்டிப்பாக. காரின் சாக்கெட்டில் செருகிப் போனில் பார்க்கும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவி போதும். ஃபோக்ஸ்வேகன், ஃபியட் வகைகளுக்கு அவற்றுக்கென்றே உள்ள மென்பொருள் இருந்தால் இன்னும் ஆழமாகப் பார்க்கலாம். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் கோளாறுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே அழிக்காதீர்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. டர்போ போய்விட்டது என்று அர்த்தமில்லை. கழன்ற குழாய், ஓட்டையான இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ், ஒட்டிக்கொண்ட வால்வு என எதுவாகவும் இருக்கலாம். பி0300 என்றால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பத்து குறியீடு வந்தால் பயப்பட வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கினால் இந்த வண்டிகள் கண்டதையும் உளறும்.

எலி வயரைக் கடித்துவிட்டது. என்ன செய்வது?

டெல்டாவில் டர்போவைவிட அதிகமாக ஆட்களைப் பணிமனைக்கு அனுப்பியது எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலியும் பெருச்சாளியும் ஊருக்குள் வந்துவிடும். சூடான இன்ஜின், மேலே சத்தம் தடுக்கும் பஞ்சு. அதற்கு இதைவிட நல்ல வீடு எது? வைக்கோல்போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். இரவில் பானெட்டைத் திறந்து வைப்பது பலன் தருகிறது; இருட்டும் கதகதப்பும் போய்விடுவதால் தங்காது. புகையிலைக் காம்பு, நாப்தலின் உருண்டை எல்லாம் சில நாள் வேலை செய்யும், பிறகு எலி பழகிவிடும். நுண்கண்ணிக் கம்பி வலையைக் கீழ்ப்பக்க வழிகளில் அடிப்பது நிலைத்த வழி. கடித்த வயரை ஒட்டுப்போடும்போது சால்டர் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஐப்பசி மழையில் மறுபடி அங்கேயே நிற்பீர்கள்.

அறுவடைக் காலத்தில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. குறுவை அறுவடை நேரத்திலும், தை மாசிச் சம்பா அறுவடையிலும் காற்றில் தூசும் உமியும்தான். ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை விட்டால் டர்போ மூச்சுத் திணறும். ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் திறந்து பாருங்கள். ஏசி கண்டன்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் இவற்றின் இடுக்குகளில் பதர் அடைத்திருக்கும். தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் அடித்துக் கழுவ வேண்டும். கார் வாஷ் பையன் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிப்போகும்.

அதைவிட முக்கியமானது ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி. பங்குனி சித்திரையில் வண்டிச் சக்கரம் அடிக்கட்டும் என்று ரோட்டில் போட்டு வைத்திருப்பார்கள். நம் கார் தாழ்வு. செடியும் வைக்கோலும் அடியில் சுற்றி, எக்ஸாஸ்ட், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கம் சிக்கிக்கொள்ளும். மிதித்து ஓட்டிய டர்போ காரின் எக்ஸாஸ்ட் நெருப்புப் பிடிக்க வைக்கும் சூடு. தாண்டி வந்ததும் ஓரமாக நிறுத்தி, குனிந்து பாருங்கள். கருகல் வாசனை வந்தால் வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மழைத் தண்ணீரில் ஓட்டலாமா?

ஐப்பசி கார்த்திகையில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத நாட்கள் வரும். சக்கரத்தின் பாதியைத் தாண்டிய தண்ணீரில் இறக்காதீர்கள். இந்தக் கார்களில் காற்று இழுக்கும் வாய் முன்னால்தான் இருக்கும். டர்போ வேறு பலமாக இழுக்கும். தண்ணீர் உள்ளே போய் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்னொன்று: சாதாரண முழு இன்ஷூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும், ஆனால் தண்ணீர் போன இன்ஜினைச் சுற்றிக் கெடுத்தால் தராது. அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்னும் கூடுதல் பாதுகாப்பைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் பிரீமியம் குறைக்க ஏஜென்ட் முதலில் வெட்டுவது அதைத்தான், விடாதீர்கள்.

நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யத்தில் இருந்தால்?

உப்புக்காற்று. அடிப்பாகத்தையும் எர்த் வயர் இணைப்புகளையும் மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பாருங்கள். ரேடியேட்டரில் உள்ளூர் போர் தண்ணீரை ஊற்றவே வேண்டாம்.

கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது. தரையில் சொட்டு இல்லை.

டிஎஸ்ஐ வகைகளில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக். அங்கிருந்து கசிந்து சூட்டில் காய்ந்துவிடும். கீழே சொட்டாது. இளஞ்சிவப்புக் கறை காய்ந்து படிந்திருந்தால் அதுதான். சேர்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். மீட்டர் முள் 90-ல் நிற்கும் வரைக்கும் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். கூலண்ட் முழுதாக இறங்கிவிட்டால் சென்சாரே சரியாகக் காட்டாது.

ஆயில் எப்போது மாற்றுவது? ஓட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட வேண்டுமா?

புத்தகம் 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் நம் வெயிலுக்கும் தூசுக்கும் 7,500-லிருந்து 10,000-க்குள் மாற்றுவது நல்லது. பிசுபிசுப்பு எண் மட்டும் பார்க்காமல், கார் கேட்கும் தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைவேயில் வேகமாக வந்து நின்றால் அரை நிமிடம் ஓடவிட்டால் போதும். ஊருக்குள் மெதுவாக வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

நன்றாக மிதித்து ஓட்டினால் கார்பன் எரிந்துவிடும் என்கிறார்களே?

நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல், காற்று நுழையும் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. நேராக சிலிண்டருக்குள் போகிறது. எனவே அங்கே படியும் கார்பன் மிதித்து ஓட்டினால் மட்டும் போய்விடாது, பெட்ரோலில் ஊற்றும் எந்தத் திரவமும் அதைக் கழுவாது. ஐடிலில் நடுக்கமும் காலையில் மிஸ்ஃபயரும் வந்தால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும். அபார்த்தின் டி-ஜெட்டில் இந்தத் தொல்லை இல்லை. அதில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது.

20% எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்கேற்ற ரப்பரும் சீலும் வைத்தே வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் எரிபொருள் குழாய், பம்ப், சீல்களைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் ஷெட்டில் போடாதீர்கள். விற்பனை அதிகமுள்ள பங்க்கில் போடுங்கள், வெள்ளம் வடிந்த வாரத்தில் தாழ்வான இடத்துப் பங்க்கைத் தவிருங்கள்.

மைலேஜ்?

ஊருக்குள் பத்து, பன்னிரண்டு. நெடுஞ்சாலையில் பொறுமையாக ஓட்டினால் பதினாறு. பொறுமை உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்யலாமா?

வாரண்டி முடிந்த, உடம்பு நன்றாக இருக்கிற மேனுவல் வண்டிக்கு நல்ல ஆளிடம் என்றால் சரி. டிகியூ200 வண்டியில் வேண்டாம். அந்தப் பெட்டி சுமார் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு வடிவமைத்தது. ஏற்கெனவே வெயிலில் தவிக்கும் கிளட்ச்சுக்கு இன்னும் பாரம் எதற்கு? இன்ஷூரன்ஸ் கம்பெனியும் மாற்றத்தைச் சொல்லாவிட்டால் க்ளெய்மில் கை விரிக்கலாம்.

ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறதே?

அபார்த்துக்குத் தரையிலிருந்து 155 மில்லிமீட்டர்தான். கிராமத்து ஸ்பீட் பிரேக்கர் அந்தக் கணக்கெல்லாம் பார்த்துக் கட்டுவதில்லை. முழு லோடில் சாய்வாக ஏறி இறங்குங்கள். கல்யாணத்துக்கு ஐந்து பேரை ஏற்றிப் போக வேண்டுமென்றால் அண்ணனின் எர்டிகாவைக் கேளுங்கள். 16 அங்குல டயரில் பக்கச்சுவர் குறைவு. பள்ளத்தில் விழுந்தால் புடைப்பு வரும். புடைத்த டயரை ஸ்டெப்னிக்குக் கூட வைக்காதீர்கள்.

வீட்டில் இது ஒன்றுதான் கார் என்றால் வாங்கலாமா?

புதிது, வாரண்டியோடு என்றால் வாங்குங்கள். எட்டு பத்து வருஷப் பழசு என்றால் வேண்டாம். நடு ராத்திரியில் அப்பாவைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போக வேண்டிய வீட்டில், ரிவர்ஸ் விழுமா விழாதா என்று யோசிக்க வைக்கும் காருக்கு இடமில்லை. பழசுதான் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு வேகன்ஆர் ஆவது நிற்கட்டும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் வையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

விற்கும்போது விலை போகுமா?

நம் ஊரில் போகாது. டீசல் ஸ்விஃப்ட் கேட்பவர்தான் இங்கே அதிகம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் ஆர்வலர்களிடம் நல்ல விலை கிடைக்கும், ஆனால் அவர்கள் பில் கேட்பார்கள். ஆயில் மாற்றியதிலிருந்து வயர் ஒட்டியது வரை ஒவ்வொரு ரசீதையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். உள்ளூர் மெக்கானிக் ரசீது தருவதில்லை என்றால், வெள்ளைத் தாளில் கிலோமீட்டரோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிரிப்பார், போட்டுக் கொடுப்பார்.